உடல்வலியும் உள்ளச்சோர்வும்: ஒகேனக்கல் எண்ணெய்த் தேய்ப்பை முன்வைத்து ஒரு சிகிச்சை வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தருமபுரி மாவட்டம் ஒகேனக்கல்லில் அருவிக் குளியலுக்கு முன் செய்யப்படும் எண்ணெய்த் தேய்ப்பு, சித்த மருத்துவம் கூறும் தொக்கணத்தோடு உறவுடையது. 'உடம்பு வலி', 'உடம்பு பாரம்' எனச் சொல்லி அதனை நாடி வருவோரின் மொழியில் மனச்சோர்வும் பதற்றமும் மறைந்திருக்கக்கூடும் என்னும் கருத்தை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இந்திய மூலிகையொன்றிலிருந்து பிறந்த ரெசர்பின் மருந்து மனச்சோர்வு பற்றிய வேதியியல் கொள்கைக்கு வித்திட்ட வரலாறு, பெங்களூரு ஆய்வகங்களில் நிகழ்ந்த மன உளைச்சல் ஆய்வு, தொடுகை நரம்புகள் பற்றிய கண்டுபிடிப்புகள் ஆகியவற்றின் வழியே, உடலுக்கும் உள்ளத்துக்கும் இடையே நரம்பியல் கண்ட தொடர்பும் அத்தொடர்பின் எல்லைகளும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஒகேனக்கல், தொக்கணம், மனச்சோர்வு, பதற்றம், ரெசர்பின், அமிக்டலா, தொடுகை நரம்பு.

முன்னுரை

காவிரி தமிழகத்துக்குள் நுழைந்து மேட்டூர் நீர்த்தேக்கத்தை அடையுமுன் பாறைகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து விழும் இடம் ஒகேனக்கல். நீர்த்திவலை எழுந்து பாறை புகைவதுபோல் தோன்றுவதால், புகை எனப் பொருள்படும் 'ஹொகெ', 'கல்' என்னும் கன்னடச் சொற்கள் இணைந்து இப்பெயர் அமைந்தது என்பர். பென்னாகரம் வட்டத்தில் அடங்கிய இவ்வூரை வெளியூரார் மூன்றனுக்காக அறிவர்: பரிசல், வறுத்த மீன், எண்ணெய்த் தேய்ப்பு. மூன்றாவதனைச் செய்வோரும் பெறுவோரும் இன்று 'மசாஜ்' என்றே வழங்குகின்றனர். அருவிக்குச் செல்லும் வழியிலும் பாறைகளின் மீதும் ஆட்களை அமர்த்தியும் கிடத்தியும் எண்ணெய் தேய்த்து, தட்டி, பிடித்து, முறுக்கி விடுவதும், பின்னர் அவர்கள் அருவியில் நின்று எண்ணெயைப் போக்கிக்கொள்வதும் இங்கு நாள்தோறும் காணும் காட்சி.

இத்தொழிலைச் சுற்றுலாவின் ஒரு கூறாக மட்டும் காண்பது வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரை அதனை மருத்துவ வரலாற்றுக்குள் வைத்துப் பார்க்க முயல்கிறது. தேய்ப்பை நாடி வருபவர் எதற்காக வருகிறார் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை உடலைப் பற்றியதாகவே இருக்கும்: கைகால் உளைச்சல், முதுகுவலி, தூக்கமின்மை, தலைப்பாரம், சூடு. இவற்றுள் எத்தனை உடலைச் சார்ந்தவை, எத்தனை உள்ளத்தைச் சார்ந்தவை என்பது கேட்பவருக்கும் தெரியாது, சொல்பவருக்கும் தெரியாது. அத்தெளிவின்மையே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு இங்குத் தேவை. நாளிதழ்த் தமிழில் 'மன அழுத்தம்' என்னும் சொல் அன்றாட உளைச்சலையும் குறிக்கிறது. மருத்துவம் வரையறுக்கும் நோயையும் குறிக்கிறது. இக்குழப்பத்தால், நோயுற்றவர் தமக்கு நேர்ந்திருப்பது யாவர்க்கும் நேரும் உளைச்சல்தான் என்று எண்ணி ஒதுங்குகிறார். இக்கட்டுரையில் நோயைக் குறிக்க 'மனச்சோர்வு' என்பதும், அன்றாட நெருக்கடியைக் குறிக்க 'உளைச்சல்' என்பதும், அச்சம் நோயாகும் நிலையைக் குறிக்கப் 'பதற்றம்' என்பதும் ஆளப்படுகின்றன.

தொக்கணம்: மரபின் இடம்

சித்த மருத்துவம் மருந்துகளை அகமருந்து 32, புறமருந்து 32 என வகுக்கிறது. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம் ஆகியவற்றோடு புறமருந்து வரிசையில் இடம்பெறுவது தொக்கணம். அது தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகைப்படும். ஒகேனக்கல் பாறையில் அரைமணி நேரம் நின்று பார்ப்பவர் இவ்வொன்பதனுள் பலவற்றையும் பெயர் தெரியாமலே கண்டுவிடலாம். ஆயினும் அங்குள்ள தொழிலாளரின் கைப்பழக்கம் சித்த நூல்களிலிருந்து நேராக வந்தது என்று கூறுவதற்கில்லை. நூல்வழிக் கல்வி வேறு. பார்த்தும் செய்தும் பழகிய கைத்தொழில் வேறு. இரண்டும் ஒரே பண்பாட்டு நிலத்தில் முளைத்தவை என்பதற்கு மேல் கூறுவது மிகையாகும்.

மனநோயைச் சித்த மரபு 'கிரிகை' என்னும் சொல்லால் குறிக்கிறது. அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூல் மரபு அதனைப் பதினெட்டு வகையாகப் பகுக்கும். வாதம், பித்தம், ஐயம் ஆகிய மூன்றன் ஏற்றக்குறைவே அங்கும் காரணமாகக் கொள்ளப்படுவதால், மனநோய்க்கும் தலைக்கு எண்ணெய், நீராட்டு, உணவு ஒழுங்கு என உடலை முன்னிட்ட மருத்துவமே விதிக்கப்படுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம், அழுகை, இளிவரல் முதலிய எட்டனையும் மெய்யில் தோன்றுவனவாகவே கொள்கிறது. அகப்பாடல்களில் பிரிவுத்துயர் பசலையாகவும் வளை நெகிழ்தலாகவும் உடலிலேயே காட்டப்படுகிறது. இவற்றைக் கொண்டு பண்டைத் தமிழர் நரம்பியலை முன்னறிந்திருந்தனர் என நிறுவ முயலும் கட்டுரைகள் அண்மையில் பெருகியுள்ளன. அம்முயற்சி ஏற்புடையதன்று. உள்ளத்தின் துன்பத்தை உடலின் சொற்களால் சொல்லும் வழக்கம் தமிழில் நீண்ட காலமாக நிலைபெற்றிருக்கிறது என்பதே இச்சான்றுகள் தரும் செய்தி. அதுவே இங்குப் பயன்படுவதும்.

வலி என்னும் மொழி

ஒகேனக்கல், பென்னாகரம் பகுதி மக்களுக்குச் சென்னை தொலைவு, பெங்களூரு அண்மை. சென்னையில் 1871இல் கீழ்ப்பாக்கத்தில் அமைந்த மனநல விடுதி நெடுங்காலம் தமிழகத்தின் முதன்மை மனநல நிறுவனமாக விளங்கினும், தருமபுரிப் பகுதியினர்க்குப் பெங்களூரு மனநல மருத்துவமனை அடையத்தக்கதாக இருந்தது. அங்கு 1954இல் அனைத்திந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. 1974இல் அம்மருத்துவமனையும் இந்நிறுவனமும் இணைந்து நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் உருவாயிற்று.

அந்நிறுவனத்தின் புறநோயாளர் பிரிவில் ஆர். ரகுராம், மிட்செல் வைஸ் முதலியோர் நடத்தி 1996இல் அமெரிக்க உளமருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. 80 நோயாளரிடம் அவர்கள் நோய்க்குறிகளையும், அந்நோயால் தமக்கு நேரும் இழிவு குறித்த எண்ணத்தையும் கேட்டறிந்தனர். மனச்சோர்வுக் குறிகள் மிகுந்தோரிடம் இழிவுணர்வு மிகுதியாகவும், உடற்குறிகள் மிகுந்தோரிடம் அது குறைவாகவும் இருந்தது. காரணத்தை நோயாளரின் சொற்களே விளக்கின. வலி எவர்க்கும் வரும். அதனை அண்டை வீட்டாரிடம் சொல்லலாம். உள்ளம் சோர்ந்தது என்று சொன்னாலோ திருமணம், உறவு, மதிப்பு யாவும் கேள்விக்குள்ளாகும். உடல்வலி என்பது இங்கு அறியாமையின் விளைவன்று. சமூகத்தில் வாழ்வதற்கான ஒரு தேர்வு.

இதனை இந்தியருக்கே உரிய இயல்பாகக் காட்டும் பழைய மேலை எழுத்துகள் பிழையானவை. கிரகரி சைமன் முதலியோர் 1999இல் வெளியிட்ட உலக நலவாழ்வு நிறுவன ஆய்வு 14 நாடுகளின் 15 மையங்களில் நிகழ்ந்தது; பெங்களூருவும் அவற்றுள் ஒன்று. மனச்சோர்வு உறுதிசெய்யப்பட்ட 1,146 பேருள் 69 விழுக்காட்டினர் மருத்துவரிடம் வந்ததற்கு உடற்குறிகளை மட்டுமே காரணமாகக் கூறினர். நோயாளருக்கும் மருத்துவருக்கும் நெடுநாள் உறவு இல்லாத மையங்களில் அவ்வாறு கூறுவோர் மிகுந்திருந்தனர். அறியாத ஒருவரிடம் உள்ளத்தைத் திறக்க எந்நாட்டவரும் தயங்குவர் என்பது தெளிவு.

நரம்பியல் இதற்கு மற்றொரு விளக்கத்தைச் சேர்க்கிறது. வலியின் துன்பக் கூற்றை உணரும் மூளைப்பகுதிகளான இன்சுலா, முன் சிங்குலேட் புறணி ஆகியவை மனநிலையின் ஏற்றத்தாழ்விலும் பங்கு கொள்கின்றன. மூளைத்தண்டிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கி வலிச் செய்திகளைத் தணிக்கும் நரம்புப் பாதைகள் செரோட்டோனின், நாரட்ரினலின் ஆகியவற்றையே பயன்படுத்துகின்றன. மனச்சோர்வுக்கென வந்த அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் நரம்புவலிக்குத் தரப்படுவதும், டியுலாக்செட்டின் இரண்டுக்கும் தரப்படுவதும் இதனால்தான். ஆகவே மனச்சோர்வுற்றவர் 'உடம்பு வலிக்கிறது' என்னும்போது அது உவமையாகாது. அவருக்கு வலிக்கவே செய்கிறது.

ஆனால் தருமபுரியில் இவ்விளக்கத்தை அப்படியே நிறுத்திவிட முடியாது. இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் வரம்பைக் கடந்த நீரைப் பல்லாண்டு பருகுவோருக்குப் பல்லில் கறையும், முற்றிய நிலையில் எலும்பு மூட்டுகளில் வலியும் இறுக்கமும் தோன்றும். இதற்கு மாற்றாகவே ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்று, ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்ச் செலவில் நிறைவேறி 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஒகேனக்கல் காவிரி நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்குச் செல்கிறது. எனவே இம்மாவட்டத்து முதியவர் ஒருவர் முதுகைப் பிடித்துவிடச் சொல்லும்போது, அவ்வலி எலும்பினுடையதாகவும் இருக்கலாம், கூலி வேலையினுடையதாகவும் இருக்கலாம், உள்ளத்தினுடையதாகவும் இருக்கலாம். மூன்றும் ஒருங்கே இருப்பதற்கும் தடையில்லை. எல்லா வலியையும் மனச்சோர்வாக வாசிப்பது, எல்லா வலியையும் எலும்பாக வாசிப்பதைப் போன்றே தவறு.

பாம்புக்களாவின் வேர்: ஒரு கொள்கையின் பிறப்பு

மனச்சோர்வு மூளை வேதிப்பொருளின் குறையால் வருவது என்னும் கருத்து இன்று பொதுமக்களிடமும் பரவியுள்ளது. இக்கருத்தின் வேர் நேர்ப்பொருளிலேயே ஒரு வேர். அதுவும் இந்திய வேர். சர்ப்பகந்தி, பாம்புக்களா, சிவன் அமல்பொடி எனப் பல பெயர்களால் வழங்கும் செடியின் வேரைக் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் 1931இல் கல்கத்தாவிலிருந்து பித்துநிலைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்தாக மருத்துவ இதழில் அறிமுகப்படுத்தினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் இரத்த அழுத்த நோயாளர் 50 பேரிடம் அதன் பயனை வெளியிட்டபின் உலகம் திரும்பிப் பார்த்தது. சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தைச் சேர்ந்த முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகியோர் 1952இல் அவ்வேரின் ஆற்றல்மிகு கூற்றைப் பிரித்தெடுத்தனர். அதுவே ரெசர்பின். 1954இல் நேதன் கிளைன் அதனை நியூயார்க் மாநில மனநல மருத்துவமனை நோயாளரிடம் ஆய்ந்தார்.

அதே ஆண்டில், இரத்த அழுத்தத்துக்காக நெடுநாள் ரெசர்பின் உண்டவர் சிலர் மனச்சோர்வுக்கு ஆளாவதை எட்வர்ட் ஃப்ரைஸ் அறிவித்தார். 1955இல் பெர்னார்டு பிராடியின் ஆய்வகத்தில் பிளெட்சர், ஷோர் ஆகியோர் ரெசர்பின் உடலின் செரோட்டோனின் இருப்பை வற்றச்செய்வதைக் கண்டனர். 1957இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் செலுத்தப்பட்டு அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோப்பா தந்து மீண்டும் நடமாடச் செய்தார்; இவ்வழியில் தொடர்ந்த ஆய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டு நோபெல் பரிசில் அவர் பங்கு பெற்றார். வேதிப்பொருள் வற்றினால் சோர்வு, பெருகினால் மீட்சி என்னும் எளிய கணக்கு இங்கு உருவாயிற்று. காசநோய் மருந்தான ஐப்ரோனியாசிட் நோயாளரை உற்சாகப்படுத்தியதும், ரோலந்து கூன் இமிப்ரமினின் பயனைக் கண்டதும் அக்கணக்கோடு பொருந்தின. ஜோசப் ஷில்ட்கிராட் 1965இல் அதனைக் கொள்கையாக வடித்தார். அவர் முன்வைத்தது நாரட்ரினலின் முதலியவற்றைத்தான். செரோட்டோனினை முன்னிறுத்தியவர் பிரிட்டனின் அலெக் காப்பன்.

இவ்வரலாற்றில் பலரும் விட்டுவிடும் ஓர் ஏடு உண்டு. அதே 1955இல் இலண்டனில் டேவிஸ், ஷெப்பர்டு இருவரும் பதற்றமும் சோர்வும் கொண்ட நோயாளரிடம் ரெசர்பினைப் போலி மருந்தோடு ஒப்பிட்டு ஆய்ந்து, ரெசர்பின் அவர்களுக்கு நலம் செய்ததாக லான்செட் இதழில் வெளியிட்டனர். மனச்சோர்வை உண்டாக்குவதாகக் கருதப்பட்ட மருந்தே மனச்சோர்வைத் தணித்தது. அக்கட்டுரை மேற்கோள் காட்டப்படுவது அரிது. உருவாகிவந்த கொள்கைக்குள் அடங்காத சான்று ஓரத்தில் தங்கிவிட்டது எனலாம். 2022இல் ஜோனா மோன்கிரீஃப் குழுவினர், செரோட்டோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு நிலையான சான்றில்லை எனப் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கூறியபோது பெரும் விவாதம் எழுந்தது. அவர்களது ஆய்வுமுறையைக் குறைகூறி மறுப்புகளும் வந்தன. இவ்விவாதத்தால் மருந்துகள் பயனற்றவை என்றாகிவிடாது. காய்ச்சல் ஆஸ்பிரினால் தணிவதால் அது ஆஸ்பிரின் குறைவால் வந்ததென்று யாரும் கூறுவதில்லை. அதே அளவுகோலால், குறைவு நிறுவப்படாமையால் மருந்தின் பயனையும் மறுக்க இயலாது.

பெங்களூரு எலிகளும் இருபத்தொரு நாளும்

வேதிப்பொருளின் அளவிலிருந்து நரம்பணுவின் வடிவத்துக்கு ஆய்வின் கவனம் பெயர்ந்ததில் பெங்களூருவுக்குச் சிறப்பிடம் உண்டு. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் சுமந்திரா சட்டர்ஜி, அஜய் வியாஸ், ரூப்ஷி மித்ரா ஆகியோரும் நிம்ஹான்ஸைச் சேர்ந்த பி.எஸ். சங்கரநாராயண ராவும் 2002இல் நரம்பியல் இதழில் வெளியிட்ட ஆய்வில், எலிகள் நாளொன்றுக்கு 2 மணி நேரம் வீதம் 10 நாள் அசையவிடாமல் கட்டுப்படுத்தப்பட்டன. நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸின் நரம்பணுக் கிளைகள் சுருங்கின; இது முன்பே அறியப்பட்டதுதான். அச்சத்துக்குரிய அமிக்டலாவில் அதற்கு நேர்மாறாகக் கிளைகள் விரிந்து வளர்ந்தன. உளைச்சல் மூளையை எங்கும் தேய்க்கிறது என்னும் பொதுக்கருத்து இதனால் திருத்தம் பெற்றது. ஓரிடத்தில் இழப்பும் மற்றோரிடத்தில் பெருக்கமும் ஒரே துன்பத்தால் நிகழ்கின்றன.

2004இல் அக்குழுவினர் வெளியிட்ட தொடர்ச்சி இன்னும் கூர்மையானது. உளைச்சல் நீங்கியபின் எலிகளை 21 நாள் அமைதியாக விட்டு ஆய்ந்தபோது, ஹிப்போகாம்பஸ் பழைய வடிவுக்கு மீண்டது, அமிக்டலா மீளவில்லை, எலிகளின் பதற்ற நடத்தையும் குறையவில்லை. எலியின் மூளையிலிருந்து மனிதரின் வாழ்வுக்குத் தாவுவதில் எச்சரிக்கை வேண்டும். எனினும் ஒரு கேள்வி எழாமல் இராது. உளைச்சலின் காரணம் விலகிய பின்னும் பதற்றம் தங்கும் என்றால், ஒரு விடுமுறை நாள், ஓர் எண்ணெய்த் தேய்ப்பு, ஓர் அருவிக் குளியல் எதுவரை செல்லும்?

தோல் அறிவது என்ன?

1939இல் சுவீடனின் இங்வே சோட்டர்மன் பூனையின் தோலில் மெல்லிய தொடுகைக்கு இசையும் ஒருவகை மெதுநரம்புகளைப் பதிவு செய்தார். மனிதரிடம் அவை உண்டா என்னும் ஐயம் அரைநூற்றாண்டு நீடித்தது. 1990களில் ஓகே வால்போ முதலியோர் மனித முன்கையில் அவற்றைக் கண்டனர். பெருநரம்புகளை இழந்து, தொடுகையை இடமறிந்து உணர இயலாத நோயாளி ஒருவரின் தோலைத் தூரிகையால் வருடியபோது அவர் மங்கலான இன்பத்தை உணர்ந்ததையும், அவரது இன்சுலா கிளர்வுற்றதையும் ஹோகன் ஒலாசன் குழுவினர் 2002இல் வெளியிட்டனர். நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போதே இந்நரம்புகள் மிகுதியாக இயங்குகின்றன என 2009இல் லைன் லோக்கன் முதலியோர் காட்டினர். தாய் குழந்தையைத் தடவும் வேகமும் ஏறத்தாழ அதுவே.

பலரும் இவ்விடத்தோடு நின்று, 'தொடுகையே மருந்து' என முடித்துவிடுகின்றனர். ஆனால் ஒகேனக்கல் பாறையில் நிகழ்வது வருடல் அன்று. தட்டலும் இறுக்கலும் முறுக்கலும் ஆழ்ந்த அழுத்தத்தைச் சார்ந்தவை. மெல்வருடல் நரம்புகளின் கணக்கில் அவை அடங்கா. எமரி பல்கலைக்கழகத்தில் மார்க் ராப்பபோர்ட் குழுவினர் பொதுப்பதற்ற நோயாளர் 47 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. 6 வாரங்களில் 12 முறை ஒரு சாராருக்குச் சுவீடன் முறை அழுத்தப் பிடிப்பும் மறுசாராருக்கு மெல்லிய தொடுகையும் தரப்பட்டன. அழுத்தப் பிடிப்புப் பெற்றோரிடமே பதற்றம் மிகுதியாகக் குறைந்தது. எண்ணிக்கை சிறிது; ஆயினும் மென்மையைவிட அழுத்தத்துக்கு வேறொரு வழி இருக்கலாம் என அது காட்டுகிறது. தொக்கணத்தின் ஒன்பது வகையையும் தனித்தனியே இவ்வாறு ஆய்ந்தால் பயனுண்டு.

இத்துறையில் நெடுங்காலம் நிலவிய விளக்கம் கார்டிசால் பற்றியது. மியாமியில் 1992இல் தொடுகை ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்த டிஃபனி ஃபீல்டு, பிடிப்பு கார்டிசாலைக் குறைத்து மனநிலையைச் சீராக்குகிறது என்றார். கிறிஸ்டோபர் மோயர் முதலியோர் 2004இல் ஆய்வுகளைத் தொகுத்தபோது, பதற்றத்தையும் சோர்வையும் குறைப்பதில் தொடர் பிடிப்புகளின் பயன் கணிசமாக இருந்தது. அதே மோயர் 2011இல் கார்டிசாலைத் தனியே ஆய்ந்தபோது, அதன் மீதான விளைவு மிகச் சிறியது, பெரும்பாலும் இல்லை எனத்தக்கது என்று கண்டார். பயன் நிற்கிறது, அதற்குச் சொல்லப்பட்ட காரணம் விழுந்துவிட்டது. ரெசர்பின் கதையில் கொள்கை சான்றைக் கடந்து வாழ்ந்தது. இங்குச் சான்று கொள்கையைக் கடந்து வாழ்கிறது.

அருவி நீரைப் பற்றிச் சுருங்கக் கூறின் போதும். 14 பாகை செல்சியஸ் நீரில் ஒரு மணி நேரம் மூழ்கியிருந்தோரின் குருதியில் நாரட்ரினலின் பன்மடங்கு உயர்ந்தது உண்மை. தருமபுரி வெயிலில் சூடேறிய பாறைகளின் மேல் ஓடும் காவிரிக்கு அந்தக் குளிர்ச்சி இல்லை. குளிர்நீரால் மனச்சோர்வு தீரும் என 2008இல் நிகலாய் ஷெவ்சுக் முன்வைத்தது கருதுகோளே அன்றி முடிவன்று. ஐரோப்பிய மனநல விடுதிகளில் நீர்ச்சிகிச்சை என்ற பெயரால் நோயாளர் மீது குளிர்நீர் வன்மையாகக் கொட்டப்பட்ட வரலாறும் மறக்கத்தக்கதன்று. தானே விரும்பிச் சென்று அருவியில் நிற்பவருக்கும், கட்டிவைத்து நீர் ஊற்றப்பட்டவருக்கும் தோலில் பட்டது ஒரே குளிர்ச்சிதான். மூளை அறிந்தது வேறு.

பாறையும் பதிவேடும்

தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நிம்ஹான்ஸின் தலைமையில் 2015–16இல் தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொது மனநோய் உடையோருள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என அது கண்டது. 1982இல் தேசிய மனநலத் திட்டம் தொடங்கியது. பெல்லாரியில் நிம்ஹான்ஸ் நடத்திப் பார்த்த முறையைப் பின்பற்றி 1996 முதல் மாவட்ட மனநலத் திட்டம் விரிந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை உரிமையாக்கியது. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் ஆலோசனை கிடைக்கிறது. இவை யாவும் ஒருவர் தம் துன்பத்தை உள்ளத்தின் துன்பமாகப் பெயரிட்ட பின்னரே பயன்படுபவை. 'உடம்பு வலி' என்பவர் அவ்வெண்ணை அழைப்பதில்லை.

கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் 2010இல் லான்செட்டில் வெளியிட்ட மானஸ் ஆய்வு இச்சிக்கலைத் தொட்டது. பொது மருத்துவமனைக்கு எந்நோய்க்காக வந்தாலும் சில எளிய வினாக்களால் மனச்சோர்வும் பதற்றமும் கண்டறியப்பட்டன. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் உடனிருந்து வழிகாட்டினர். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயன் தெளிவாகத் தெரிந்தது. வலியோடு வருபவரை வலியின் வாயிலிலேயே சந்திப்பது அதன் வழி.

ஒகேனக்கல் தேய்ப்புக்கு இவ்வகையில் ஓர் எல்லை உண்டு. திறந்த பாறையில் நிகழ்வதால் அது ஆண்களுக்கே எளிது. மனச்சோர்வோ பெண்களிடமே மிகுதி. காவிரியில் கர்நாடக அணைகளின் உபரிநீர் பெருகும் நாள்களில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும். அந்நாள்களில் தேய்ப்போருக்கு வருவாய் இல்லை. பிறர் உளைச்சலைக் கையால் தணிப்பவரின் உளைச்சல் எந்த மருத்துவ ஆய்வுக்கும் பொருளாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

இரு வினாக்கள் போதும் என்பது 2003இல் குரோன்கி முதலியோர் வகுத்த குறுவினாப் பட்டியலின் துணிபு. கடந்த இரு வாரங்களில் எதிலும் ஈடுபாடோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்தீர்களா? மனம் தளர்ந்து, நம்பிக்கையற்று இருந்தீர்களா? இவ்வினாக்களின் அச்சிட்ட தமிழ் வடிவங்கள் 'மனச்சோர்வு', 'நாட்டமின்மை' போன்ற சொற்களை ஆள்கின்றன. பென்னாகரத்துச் சந்தையில் அச்சொற்கள் வழங்குவதில்லை. 'எதுலயும் மனசு ஒட்டல', 'கை கால் ஓயுது', 'நெஞ்சு படபடங்குது' என்பன அங்குள்ளோர் அறிந்த சொற்கள். அவற்றுள் எவை உள்ளத்தைக் குறிக்கின்றன, எவை மூட்டையும் எலும்பையும் குறிக்கின்றன என்பதைப் பிரித்தறிய வட்டார வழக்கு ஆய்வாளரும் மருத்துவரும் ஒரே மேசையில் அமர வேண்டியிருக்கிறது. தமிழ்த்துறையின் கள ஆய்வுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.